கஞ்சிப் பார்லி

ஒஸ்லோவின் புருசெத் பகுதியில் ஒரே அறையில் இருந்த நானும் நண்பனும் கடையில் விற்கும் பியர்ப் பாகு டின்னை வாங்கி, தண்ணீரும் சீனியும் ஈஸ்டும் கலந்து புளிக்கவிடுவோம். எப்போதும் ஒரே திகட்டும் ருசி என்று முதல் மிடறிலேயே அவன் சொல்லிவிடுவான். அவன் வடகோடி ஹம்மர்பெஸ்ட் ஊரின் மீன் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகுமுன், தானியத்திலிருந்தே நல்ல பியர் செய்து தருவதாகச் சொன்னேன்.

பார்லியை முளைக்கவைத்துக் காயவைத்தால் பியருக்கு வேண்டிய மோல்ட் ஆகும் என்று கேள்விப்பட்டிருந்தேன். நகரத்துக் குறொன்லாண்ட் பகுதியில் எங்கள் ஆட்களின் கடையில் பார்லி வாங்கி, பயறு முளைகட்டுவதுபோல நனைத்துத் துணியில் கட்டிவைத்தேன். முளை வரவில்லை, நாற்றம் வந்தது.

கடைக்காரரிடம் கேட்டேன்.

“தம்பி, இது காய்ச்சல்காரருக்குக் கஞ்சி வைக்கிற பார்லி. முளைக்கண்ணும் போற அளவுக்குத் தீட்டினது. செத்ததுக்கே தண்ணி ஊத்தினனீர்?” என்று சிரித்தார்.

அறைக்கு வந்து சொன்னபோது நண்பனும் சிரித்தான். “விடு மச்சான், அங்கையும் பியர் விக்கிறாங்கள்தானே.” அந்தக் கிழமையே போய்விட்டான். பிறகு பேச்சும் குறைந்து நின்றுபோனது.

மோல்ட் விற்கும் கடை ஒஸ்லோவிலேயே இருந்தது. தாமதமாகத்தான் தெரிந்தது. ஒருநாள் போனேன். வெளிறியது, சிவந்தது, கருகியது என்று மூட்டை மூட்டையாக மோல்ட். எதை எடுப்பதென்று கடைப்பெண் கேட்டாள். ருசி பார்த்துச் சொல்கிறவன் அவன்தான். ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன்.