அத்திம்பேர் காரின் மேனிஃபோல்டு

1. என் காரின் இன்டேக் மேனிஃபோல்டில் விரிசல் விழுந்தது.
2. அதே மேனிஃபோல்டு புதிதாக எங்கேயும் கிடைக்கவில்லை.
3. அத்திம்பேர் தன் காரில் இருப்பதைக் கழற்றிக்கொள்ளச் சொன்னார்.
4. கழற்றி என் காரில் மாட்டினேன். என் கார் சரியாகிவிட்டது.
5. விரிசல் விட்டதை ஒட்டவைத்து அவர் காரில் மாட்டினேன்.
6. அத்திம்பேர் கார் ஓட்டும் எண்ணத்தை விட்டுவிட்டார்.

ஏலூரில் நான் வேலை பார்க்கும் ஆலையில் எந்த இயந்திரம் நின்றாலும் முதலில் இப்படித்தான் எழுதவேண்டும். நடந்தது மட்டும், நடந்த வரிசையில். காரணமெல்லாம் அடுத்த பக்கத்தில். எனக்கு இந்த முறை பிடிக்கும். ஆனால் இந்த ஆறு வரிகளில் ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் நடுவே ஒரு காலைப்பொழுது இருக்கிறது. அப்போது நான் ஆலைக்குப் போகும் வழியில் இருந்தேன். அதனால்தான் மிச்சத்தை எழுதவேண்டியிருக்கிறது.

அத்திம்பேர் என்றால் என் அப்பாவின் தங்கையுடைய கணவர். மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி அவர்கள் வீடு. சந்துகளில் கார் நுழையாது. தெருமுனையில் இருக்கும் சுக்கு மூட்டைகளை அடுக்கும் கோடவுனின் முற்றத்தில்தான் அவர் கார், என் கார் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். அவருடையது பழைய சின்ன கார், ஒரு லிட்டர் எஞ்சின். என்னுடையது அதே கம்பெனி பின்னால் கொண்டுவந்த மாடல், அதைவிடக் கொஞ்சம் பெரிய எஞ்சின். பழைய கார்தான் வாங்கப் போகிறேன் என்றபோது, இதை வாங்கு என்று காட்டியவரே அவர்தான். "ரெண்டும் ஒரே வயத்துல பொறந்தது. இவளோட கோபதாபமெல்லாம் எனக்குத் தெரியும்" என்றார்.

அதற்கு மறுவருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சும் நடையும் திரும்பிவிட்டன. இடது கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நம் ஊர் காரில் கியர் போடுவது இடது கையால்தான். மழைக்காலம் முடியும்போது அவருடைய லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு டாக்டர் கையெழுத்துப் போடவேண்டும். கைக்குப் பலம் வந்தால் போடுகிறேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அத்தையைத் திருப்பூணித்துறை கோயிலுக்குத் தானே ஓட்டி அழைத்துப்போகவேண்டும் என்பதுதான் அத்திம்பேருக்கு அந்த வருஷத்து ஒரே வேலை.

பிஸியோதெரபிக்கு வந்த பெண் ஒரு மஞ்சள் ரப்பர் பந்தைக் கொடுத்துப் பிசையச் சொல்லிவிட்டுப் போனாள். "பந்தைப் பிசைஞ்சுண்டு ஒக்காந்திருக்க நான் என்ன கைக்கொழந்தையா?" என்று அதை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டார். அதற்குப் பதிலாகக் காலையில் கோடவுன் முற்றத்துக்கு வருவார். காரில் உட்கார்ந்து எஞ்சினைப் போட்டு, கிளச்சை மிதித்து, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ரிவர்ஸ். திரும்ப ஒன்று. எஞ்சின் இல்லாமலே கியர் போட்டுப் பழகலாமே என்று கேட்டேன்.

"எஞ்சின் ஓடினாத்தான்டி கைக்கு ஞாபகம் வரும்."

கொஞ்ச நாளில் சுவரிலிருந்து கேட்டு வரைக்கும், கேட்டிலிருந்து சுவர் வரைக்கும் மெதுவாக நகர்த்தவும் ஆரம்பித்தார். அத்தை கேட்டருகே சுவரை ஒட்டி நிற்பாள். "தள்ளிப் போடி" என்பார் அவர். "இல்லை, பிரேக் நன்னா இருக்கான்னு பாக்க ஆள் வேண்டாமா?" என்பாள் அவள்.

அப்போதுதான் என் காரின் மேனிஃபோல்டு போனது. உள்ளே வரும் காற்றை நான்கு சிலிண்டர்களுக்கும் பிரித்துக் கொடுக்கிற குழாய்க்கூட்டம் அது. உள்ளங்கையும் நான்கு விரலும் போல இருக்கும். பழைய மாடலில் அலுமினியத்தில் வார்த்திருப்பார்கள். என்னுடையதில் பிளாஸ்டிக். இரண்டு பாதிகளைச் சேர்த்த இடத்தில் விரிசல் கண்டு, அதன் வழியாக வேண்டாத காற்று புகுந்தது. எஞ்சின் ஏறும், இறங்கும், சிக்னலில் அணைந்துவிடும். தோப்பும்படி பாலத்தின் மேல் ஒரு தடவை அணைந்து, பின்னால் நின்ற பஸ்காரனிடம் என் படிப்பு உட்பட எல்லாவற்றுக்கும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கடைகளில் கேட்டால் அந்த மாடலுக்கு இப்போது பாகம் வருவதில்லை என்றார்கள்.

நான் பேனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றபோது அத்திம்பேர் தன் காரின் கண்ணாடியை இறக்கினார்.

"என்னதைக் கழட்டிக்கோ."

"வேண்டாம் அத்திம்பேர். உங்களுக்கு வேணுமே."

"எனக்குக் கார் ஓட்டவா வேணும்? கியர் போடத்தானே வேணும். கொஞ்ச நாள் பந்தைப் பிசையறேன். நீ வேலைக்குப் போகணுமோல்லியோ."

"பொருந்துமோ என்னமோ."

"ஒரே வயத்துல பொறந்ததுன்னு சொன்னேனே. எஞ்சினீயருக்கு நான் சொல்லணுமாக்கும்!"

பொருந்தியது. முழுக்க அல்ல. போல்ட் துளைகள் அச்சாகச் சேர்ந்தன. காற்று நுழையும் வாய் மட்டும் அவருடையதில் ஒரு நூலளவு குறுகல். காற்றழுத்தத்தை அளக்கும் சென்சார் என் காரில் மேனிஃபோல்டிலேயே குத்தியிருந்தது. அவருடையதில் அதற்கு இடம் கிடையாது, ஒரு மெல்லிய ரப்பர் குழாய்க்கான மூக்கு மட்டும் உண்டு. ஒரு தகட்டை வளைத்துச் சென்சாரைப் பக்கத்தில் நிற்கவைத்து, குழாயால் இணைத்தேன். பிரேக்குக்குப் போகும் குழாய் எதிர்ப்பக்கம் இருந்ததால் நீளமானதாக ஒன்று வாங்கினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. அத்திம்பேர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வலது கையால் போல்டுகளை ஒரு டப்பா மூடியில் வரிசையாக வைத்துக்கொண்டே வந்தார். என் கார் போட்டவுடன் பிடித்தது. சத்தம் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

"அவ்வளவுதான். இனிமே பஸ்காரனை நீ திட்டலாம்" என்றார்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். அவர் கார் பேனட் மூடி, மேலே ஒரு தார்ப்பாய் போட்டு, பாகம் வரட்டும் என்று நின்றிருக்கும். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய பாத்திரத்தையும் வெறுமனே திருப்பித் தருவதில்லை. அத்தை வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் வந்தால், இரண்டு ஸ்பூன் சர்க்கரையாவது போட்டுத்தான் போகும். ஒன்றும் இல்லையென்றால் அம்மா நாலு கறிவேப்பிலைக் கொத்தையாவது வைப்பாள். அன்று ராத்திரி சாப்பாட்டில் அம்மா ஆரம்பித்தாள்.

"அவா கார்லேர்ந்து எடுத்துண்டு, அதைத் தொறந்தபடிக்கு விட்டுட்டு வந்தியா?"

"புதுசு கிடைச்சா போடறேன்மா. தேடச் சொல்லியிருக்கேன்."

"கிடைக்கறப்போ கிடைக்கட்டும். அதுவரைக்கும் எதையாவது வெச்சுக் குடுக்கப்படாதா? நன்னாவா இருக்கு?"

எனக்கும் அது நன்றாகத்தான் இல்லை. விரிசல் விட்ட பிளாஸ்டிக்கைத் தோப்பும்படியில் பம்பர் ஒட்டும் கடையில் கொடுத்துச் சூட்டால் உருக்கிச் சேர்த்தேன். வாய்களை அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, மேலே சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். ஆலையில் செய்வது அப்படித்தான். ஒரு குமிழ்கூட வரவில்லை. சென்சார் துளைக்கு ரப்பர் மூடி போட்டு, குழாய்க்கு ஒரு மூக்கு வைத்து, அவர் காரில் மாட்டினேன். சாயங்காலம் எஞ்சினைப் போட்டுக் காட்டியபோது அத்திம்பேர் பக்கத்து சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து கேட்டார். "பேஷ்" என்றார். மழை வலுத்ததால் சீக்கிரமே அணைத்துவிட்டு இரண்டு பேரும் ஓடினோம். அவரால் அவ்வளவு வேகமாக நடக்கமுடியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் காலையில் நடந்ததை அத்தை சொல்லித்தான் தெரியும்.

முதலில் எல்லாம் சரியாக இருந்திருக்கிறது. கேட்டு வரைக்கும் வந்து, திரும்பிப் போய், மறுபடி வந்திருக்கிறார். பழக்கம் விட்டுப்போய் இத்தனை நாள் ஆகியும் கை வணங்கியதில் அவருக்குச் சந்தோஷம். அத்தையிடம் "என்ன, நாளைக்கே கோயிலுக்குப் போயிடலாமா?" என்று கேட்டிருக்கிறார். எஞ்சின் நன்றாகச் சூடானபிறகு, ரிவர்ஸ் போட்டுக் கிளச்சை விட்டதும் அணைந்திருக்கிறது. திரும்பப் போட்டார். அணைந்தது. மறுபடியும். அப்போது சுக்கு ஏற்ற வந்த லாரி கேட்டு வாசலில் நின்றது. சுமைக்காரர்கள் இறங்கி, அவரை உட்காரவைத்தபடியே காரைச் சுவர் பக்கம் தள்ளி நிறுத்தினார்கள்.

"சாரே, ஸ்டியரிங் பிடிச்சிருந்நா மதி" என்றாராம் அவர்களில் ஒருவர். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டால் போதும், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று. மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறார்.

"யாரும் சிரிக்கலைடி" என்றாள் அத்தை. "சிரிச்சிருந்தா அவரும் ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பார். தள்ளி விட்டுட்டு, கதவைத் தொறந்து, கையைப் பிடிச்சு எறக்கி விட்டா. அவர் நேரா ஆத்துக்கு வந்து ஈசிசேர்ல சாஞ்சுட்டார்."

அன்று சாயங்காலம் நான் நேராக முற்றத்துக்குப் போய்க் காரை ஓடவிட்டேன். முதலில் ஒன்றுமில்லை. சூடேறியபிறகு, காதை அருகே வைத்தால், மெல்லிய விசில். உருக்கிச் சேர்த்த இடம் சூட்டில் மயிரிழை அளவு திறந்துகொள்கிறது. குளிர்ந்தால் மூடிக்கொள்கிறது. நான் சோதித்ததெல்லாம் குளிர்ந்த நிலையில். அவர் வீட்டுக்கு ஓடினேன் என்றுதான் சொல்லவேண்டும். அவர் ஈசிசேரில் இருந்தார்.

"அத்திம்பேர், அது உங்க கை இல்லை. மேனிஃபோல்டு. சூடானா ஒட்டு விடறது."

"சரிம்மா."

"நெஜமாத்தான். எழுந்து வந்து கேளுங்கோ. விசில் அடிக்கறது."

"நீ சமத்து."

"சமத்துன்னு பேர் வாங்கறதுக்காகச் சொல்லலை! யார் ஓட்டினாலும் அணைஞ்சிருக்கும். நான் ஓட்டினாலும் அணையும்."

"டாக்டரும் இப்படித்தான் நன்னா பேசறார். பிஸியோதெரபிக்காரியும் நன்னா பேசறா. இப்போ நீயும்." சிரித்தார். "நாப்பது வருஷமா கிளச்சை விட்டிருக்கேன். எப்போ நான் சொதப்பறேன், எப்போ வண்டி சொதப்பறதுன்னு எனக்குத் தெரியாதா?"

அவருக்குத் தெரியவில்லை என்பதுதான் விஷயம். அதை எப்படிச் சொல்வது? உடம்பு ஒரு தடவை கைவிட்ட மனிதரிடம், இந்தத் தடவை கைவிட்டது உடம்பல்ல என்று சொன்னால் அது ஆறுதலாகத்தான் காதில் விழும் போலிருக்கிறது. நான் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அழுத்திச் சொல்லச் சொல்ல அது இன்னும் ஆறுதலாகிக்கொண்டே போனது. விசில் சத்தத்தை போனில் பதிவு செய்து எடுத்துப்போனேன். கேட்டுவிட்டு, "மழைச் சத்தம்னா கேக்கறது" என்றார்.

அதே மாதிரி அலுமினிய மேனிஃபோல்டு ஒன்று கடைசியில் கோயம்புத்தூரில் பழைய இரும்பு மார்க்கெட்டில் கிடைத்தது. ஆலையில் என்னுடன் வேலை பார்ப்பவள் ஊருக்குப் போனபோது தேடி, செய்தித்தாளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் கொண்டுவந்தாள். அத்திம்பேர் காரின் மாடலேதான். வளைக்கவோ அடைக்கவோ எதுவும் இல்லாமல் உட்கார்ந்தது. இந்தத் தடவை எஞ்சினைச் சூடேற்றி, அதைக் குளிரவைக்கும் விசிறி இரண்டு மூன்று தடவை சுற்றி நிற்கும்வரை ஓடவிட்டு, முற்றத்தில் முன்னும் பின்னும் நானே ஓட்டிப் பார்த்தேன். அதிர்வே இல்லை, பேனட் மேல் வைத்த ஸ்பானர் இருந்த இடத்திலேயே இருந்தது.

"நாளைக்குக் கார்த்தால வரேன்" என்றார் அத்திம்பேர். வரவில்லை. அடுத்த நாள் முழங்கால் வலி. அதற்கடுத்து மழை. அப்புறம் கேட்பதை நான் நிறுத்திக்கொண்டேன். கேட்கும்போதெல்லாம் அவர் ஒரு காரணம் தேடவேண்டியிருந்தது. அவருக்கு அது வழக்கமில்லை, சரியாகவும் வரவில்லை.

நான் எல்லாக் கோணத்திலும் யோசித்துவிட்டேன். கழற்றாமல் இருந்திருந்தால், அல்லது கழற்றி அப்படியே விட்டிருந்தால், அல்லது சூடான நிலையில் சோதித்திருந்தால். மூன்றில் எனக்கு அதிகம் உறுத்துவது நடுவில் உள்ளது. பாகம் இல்லாத கார் யாரையும் தோற்கடிக்காது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, எப்போதடி வரும் உன் பாகம் என்று என்னைக் கிண்டல் செய்துகொண்டு காத்திருந்திருப்பார். கையும் காத்திருக்கும். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அவள் சாப்பிடமாட்டாள். அத்தையிடம் ஒருமுறை சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை. "நீ வேற எதுக்காகச் செஞ்சே, நன்னா இருக்கணும்னுதானே" என்றாள். அதுவும் ஆறுதல்தான். உண்மையாகவும் இருக்கலாம். அவர் அன்று என்னை நம்பாததுபோல நானும் அவளை நம்பவில்லை.

இப்போதைய நிலை இது. என் கார் அவருடைய மேனிஃபோல்டில் ஓடுகிறது, ஒரு தொந்தரவும் இல்லை. அவர் காரும் நன்றாக ஓடும். வாரத்தில் ஒருநாள் நான்தான் எஞ்சினைப் போட்டு வைக்கிறேன். அத்தை திருப்பூணித்துறைக்குப் பஸ்ஸில் போய்வருகிறாள். சில நாள் நான் கொண்டுபோய் விடுகிறேன். அத்திம்பேரின் இடது கையால் இப்போது காப்பி டம்ளரைப் பிடிக்க முடிகிறது. லைசென்ஸ் தேதி முடிந்துவிட்டது. அவர் புதுப்பிக்கக் கொடுக்கவில்லை.