கம்முனு அக்காவும் கப்பல் பம்பும்

சிங்காநல்லூரில் பட்டறைகளும் வீடுகளும் ஒன்றின் முதுகில் ஒன்று சாய்ந்து நிற்கும் அந்தத் தெருவில் ராமாமணி வீடு எது என்று கேட்டால் யோசிப்பார்கள். கம்முனு அக்கா வீடு என்று கேட்டால் பால்பல் பிள்ளைகூடக் கையை நீட்டும். நீட்டிவிட்டு, உதட்டில் விரல் வைத்து, கண்ணை உருட்டி, "கம்முனு இருங்க! எந்நேரமும் என்ன சத்தம்?" என்று அவள் குரலிலேயே சொல்லியும் காட்டும். அந்தத் தெருவில் அந்தக் குரலைப் பேசத் தெரியாத ஆளே கிடையாது.

ராமாமணிக்கு நாற்பத்தெட்டு வயது. பெண் பார்க்க வந்தவர்கள் வந்து போய்க்கொண்டிருந்த காலத்தில் அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். பதினோரு வருஷம் படுக்கையில் கிடந்தார். அவர் போன பிறகு யாரும் பெண் பார்க்க வரவில்லை. அவர் போயும் எட்டு வருஷம் ஆகிறது. வீட்டில் இப்போது ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு ஆள்.

பத்தொன்பது வயதில் பம்பு கம்பெனிக்கு, மோட்டாரில் செம்புக் கம்பிக் காயில் சுற்றப் போனவள் அவள். ஒருநாள் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரைத் தாண்டிப் போகும்போது நின்று, "இதுல பேரிங்கு போகப் போகுதுங்க" என்றாள். ஃபோர்மேன் சிரித்தார். மறுநாள் பேரிங் போனது. அதற்கு மறுநாள், செய்து முடித்த பம்பைத் தண்ணீர் விட்டு ஓட்டிப் பார்க்கும் டெஸ்ட் மேடைக்கு அவளை மாற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து அங்கேதான்.

கம்பெனியில் சம்பளம் தந்த காது, தெருவில் வம்பு தந்தது. அடுத்த வீட்டு மிக்ஸியில் புஷ் தேய்ந்தால் இவளுக்குப் பல் கூசும். எதிர்ப் பட்டறையில் பைக்கை முறுக்கினால் தலை விண் விண்ணென்று தெறிக்கும். போய்ச் சொல்லுவாள். முதலில் நயமாக, பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. அப்பா இருந்தவரை, "பெரியவரு தூங்கோணுமில்ல" என்று தெரு பொறுத்துக்கொண்டது. அவர் போன பிறகும் இவள் நிறுத்தவில்லை. தெரு இவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டது.

மூன்று வருஷத்துக்கு முன்பு, கம்பெனி முதலாளி சுரேந்தர் ஒரு வரைபடச் சுருளோடு டெஸ்ட் மேடைக்கு வந்தான். டவுசர் போட்ட காலத்திலிருந்தே அவனை அவளுக்குத் தெரியும்.

"அக்கா, நம்ம நாட்டுலயே டிசைன் பண்ணி, நம்ம நாட்டுலயே கட்டற போர்க்கப்பலுங்க. அதுல கடல் தண்ணிய உள்ள இழுக்கற பம்பு ஒண்ணு. இத்தன நாளா வெளிநாட்டுல வாங்கியிருக்காங்க. ஒரு வாஷர் தேஞ்சாலும் லெட்டர் போட்டுட்டு ஆறு மாசம் காத்துக் கெடக்கோணுமாம். இனி நாம பண்றோமுங்க."

"நாமளுங்களா?"

"நாமதானுங்க."

"நம்மள்ல பாதிப் பேரு கடலே பாத்ததில்லீங்களே தம்பி."

"பம்பு பாத்துக்குமுங்க. ஒண்ணு மட்டும், இது எங்க போகுதுன்னு வெளிய மூச்சு உடக்கூடாதுங்க. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கறேன்."

யாரும் மூச்சு விடவில்லை. வெண்கல வார்ப்பு ஊசிக்கண் ஓட்டையோடு பதினோரு தடவை வந்தது. பதினோரு தடவையும் திரும்ப உருக்கினார்கள். தொட்டியில் கடல் தண்ணீர் வேண்டும் என்று மூட்டை மூட்டையாகக் கல்லுப்பு வாங்கியபோது மளிகைக்கடைக்காரர், "என்னுங்க, ஊறுகாய்க் கம்பெனி ஆரம்பிச்சாச்சுங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க, எலுமிச்ச" என்றான் சுரேந்தர். ராமாமணிக்கு வீட்டில் போய்ச் சொல்லிச் சிரிக்க ஆசையாக இருந்தது. வீட்டில் யார் இருக்கிறார்கள்?

மற்ற சோதனைகள் எல்லாவற்றிலும் பம்பு தேறிவிட்டது. மிச்சம் இருந்தது சத்தம். கப்பல் கட்டுகிறவர்கள் சார்பில் விசாகப்பட்டினத்திலிருந்து வந்திருந்த இன்ஸ்பெக்டர் ரவிதேஜா, பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாக அதை விளக்கினான்.

"ராமாமணிகாரு, கடல் லோபல, சப்மெரின்ல ஒருத்தன் உக்காந்து ஹெட்ஃபோன் மாட்டி வினிட்டே, கேட்டுட்டே இருப்பான். கப்பல் பாக்க மாட்டான், கொடி பாக்க மாட்டான். சத்தம் மட்டும்தான். உங்க பம்பு கத்திச்சுன்னா கப்பல் எங்கன்னு அவனுக்குத் தெலுசு. அயிப்போயிந்தி, கதை முடிஞ்சுது!"

"என்ற மாதிரிக் காதுங்களா அவருக்கு?"

"அந்த ஆளுக்கு வேலையே அதுதான் மேடம்."

எதிரிதான். ஆனாலும் அன்றிலிருந்து அவளுக்கு அந்த ஆளின் நினைப்பு அடிக்கடி வந்தது. இருட்டுக்குள் தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்து அடுத்தவர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறவனுக்குச் சோறு போடுவது யார், அவனிடம் பேசுவது யார் என்று பம்பைத் துடைத்துக்கொண்டே யோசிப்பாள்.

பம்பின் சத்தம் அறுபத்தைந்து டெசிபலைத் தாண்டக் கூடாது. அதை அளக்க, சுற்றி இருக்கும் சத்தம் ஐம்பதுக்குள் அடங்க வேண்டும். சத்தம் புகாத அறை உள்ள வெளியூர் லேபில் மூன்று மாதத்துக்குத் தேதி இல்லை. லேத்தும் தறியும் கிரைண்டரும் ஓடுகிற சிங்காநல்லூரில் ஐம்பது எங்கே கிடைக்கும்? மாதத்தில் ஒரே ஒரு நாள் கிடைக்கும். மின்வாரியம் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை கரண்டை நிறுத்துகிற நாள். அந்த நாளைக் குறித்துக்கொண்டார்கள். பம்பை ஓட்ட டீசல் ஜெனரேட்டரைத் தெருக்கோடிக் காலி மனையில் குழிக்குள் இறக்கி, சுற்றிலும் மணல் மூட்டை அடுக்கி, அங்கிருந்து கேபிள் இழுத்தார்கள்.

கரண்டு போனது. ரவிதேஜா பம்பைச் சுற்றி நாலு மைக்கை நிறுத்தி மீட்டரைப் பார்த்தான். பம்பை ஓட்டும் முன்பே எழுபத்தொன்று.

எதிர்ப் பட்டறை அர்ஷத் பைக்கை முறுக்கிக்கொண்டிருந்தான். பக்கத்துக் காம்பவுண்டில் நாச்சியம்மாள் சின்னப் பெட்ரோல் ஜெனரேட்டரை வைத்து மாவுக் கிரைண்டரை ஓட்டிக்கொண்டிருந்தாள். சுரேந்தர் ஓடிப் போய்க் கேட்டுவிட்டு வந்தான். முகம் செத்துக் கிடந்தது.

"அர்ஷத் சரீன்னுட்டாருங்க. நாச்சியம்மாக்கா மட்டும், 'கம்பெனிக்கின்னா நிறுத்த மாட்டேன். கம்முனு அக்கா வந்து கேக்கட்டும்'ங்கறாங்க. நீங்க போகோணுமுங்க. சாரு அஞ்சு மணி ட்ரெயினுக்குப் போறாரு. இன்னைக்கு உட்டா இனி ஒரு மாசம். கப்பல்காரங்க காத்திருக்க மாட்டாங்க. ஆர்டர வேற ஊருக்குக் குடுத்துருவாங்க. மூணு வருசமும் போச்சுங்க."

ராமாமணி பழைய துணியில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள். பிறகு போனாள்.

அந்த வீட்டு வாசலை அவள் மிதித்து இரண்டு வருஷம் ஆகிறது. பேத்தி பெரியவளான சீருக்கு நாச்சியம்மாள் மைக் செட் கட்டியிருந்தாள். ராத்திரி பத்தரைக்கு ராமாமணி போலீசுக்குப் போன் போட்டாள். ஒறம்பரை, சொந்தபந்தம் முழுக்கக் கூடியிருந்த பந்தலில் போலீஸ் வந்து செட்டை நிறுத்தியது.

"வாங்க அம்மணி!" ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேலே நாச்சியம்மாள் கத்தினாள். "இந்நேரம் போலீசு வந்திருக்கோணுமே, நீயே வந்திருக்கறே?"

"அக்கா, ஒரு நாப்பது நிமிசம் இத நிறுத்தோணுங்க."

"என்னத்துக்கு?"

"கம்பெனில ஒரு மோட்டருங்க. சத்தம் பாக்கோணும்."

"ஓ, மோட்டருக்கும் தூக்கம் கெடுதா? ஆருக்குப் போற மோட்டரு? மந்திரி ஊட்டுக்கா?"

கப்பல் என்கிற சொல் ராமாமணியின் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் போதும், யாராக இருந்தாலும் நிறுத்திவிடுவார்கள். அவள் விழுங்கிக்கொண்டாள்.

"சொல்லக் கூடாதுங்க."

"அப்ப நானும் நிறுத்தக் கூடாதுங்க. மூணு மெஸ்ஸுக்கு மாவு போகோணும். அன்னைக்கு அத்தன பேருத்து முன்னால என்ற பேத்தி அழுதுச்சு. 'கம்முனு இருங்க, கம்முனு இருங்க'ன்னு மைக் செட்டுக்காரன் வரைக்கும் சொல்லிக் காட்டிப்போட்டுப் போறான்."

"அது தப்புத்தானுங்க."

"என்னது? கேக்கல. ஜெனரேட்டரு ஓடுதில்ல?"

"தப்புத்தானுங்கக்கா!" என்று ராமாமணி கத்தினாள். எதிரே அர்ஷத் ஸ்பேனரோடு எட்டிப் பார்த்தான். "நான் அன்னைக்கு அப்படிப் பண்ணியிருக்கக் கூடாதுங்க. இப்ப மோட்டருக்காவ வேண்டாங்க, கம்பெனிக்காவ வேண்டாங்க. எனக்காவ நிறுத்துங்க."

தனக்காக என்று அவள் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. எதைக் கேட்டாலும் அப்பாவுக்காகத்தான் கேட்டிருக்கிறாள். சொல்லி முடித்த பிறகு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மாவு அப்பிய கிரைண்டர் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாச்சியம்மாள் குனிந்து ஜெனரேட்டரை நிறுத்தினாள்.

"நாப்பது நிமிசம். முடிஞ்சதும் நீயேதான் வந்து சொல்லோணும். வேற ஆளு கீளு அனுப்பிச்சே, அடுத்த பவர் கட்டுக்கு மைக் செட்டே கட்டிப்போடுவேன்."

தெரு அடங்கியது. ராமாமணி டெஸ்ட் மேடைக்குத் திரும்பினாள். முதல் மைக் நாற்பத்தேழு. இரண்டாவது நாற்பத்தாறு. மூன்றாவது நாற்பத்தெட்டு. பின்சுவரை ஒட்டிய நாலாவது ஐம்பத்துநாலு.

"ஏதோ மாட்லாடுது," என்றான் ரவிதேஜா. "சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசறாங்க."

"ஆரு அது?" சுரேந்தர் தலையில் கை வைத்தான். "அந்தப் பக்கம் வீட்டு லைனுங்க. நான் போயி—"

மீட்டருக்கு முன்பே ராமாமணிக்குக் கேட்டுவிட்டது. ஒரு பெண் குரல், சிரித்துச் சிரித்து, யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் பழைய துணியை எடுத்து மறுபடியும் கையைத் துடைத்தாள். சுரேந்தர் கதவுவரை போய்விட்டான்.

"தம்பி, போகாதீங்க. அது என்ற ஊடுங்க."

"உங்க ஊட்டுல ஆருங்க்கா?"

"ஆருமில்லீங்க. ரேடியோ."

ஆள் இல்லாத வீட்டில் எதற்கு ரேடியோ என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்காமல் கதவைத் திறந்து அவளுக்கு வழி விட்டான். தினமும் வேலைக்குக் கிளம்பும்போது பேட்டரி ரேடியோவை மெதுவாக வைத்துவிட்டுத்தான் அவள் பூட்டுவாள். திரும்பி வந்து திறக்கும்போது உள்ளே யாராவது பேசிக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவு மெதுவாக வைப்பது யாருக்கும் கேட்காது என்று அவள் நினைத்திருந்தாள்.

சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு ஓடினாள். தெரு முழுக்க அவளுக்காகச் சத்தம் போடாமல் வாசலில் நின்றது. அந்த அமைதியில் அவள் செருப்புச் சத்தமும், அவள் வீட்டு ரேடியோவும் மட்டும் கேட்டன. அர்ஷத் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். நாச்சியம்மாள் உதட்டில் விரலை வைத்துக் கண்ணை உருட்டினாள். சாவி பூட்டுக்குள் போகவில்லை. இரண்டாவது தடவை போனது. "...நேயர்களே, இந்த இனிய நாளில்" என்று சொல்லிக்கொண்டிருந்தவளின் குரலைத் திருகி நிறுத்தினாள்.

திரும்பி வந்தபோது நாலாவது மைக் நாற்பத்தேழு. பத்தொன்பது நிமிஷம் மிச்சம் இருந்தது. பம்பு ஓடியது. மற்றவர்கள் மீட்டரோடு வெளியே போய்விட, உள்ளே அவள் மட்டும், அசையாமல், மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷம் வீடு வீடாகப் போய்க் கேட்ட அமைதி முழுசாகக் கிடைத்திருந்தது. அதற்குள் நிற்கக் குளிர்கிற மாதிரி இருந்தது. பம்பு தன் போக்கில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பேரிங்கும் முனகவில்லை. கடலுக்கு அடியில் இருக்கிற அந்த ஆளுக்கு இது கேட்காது.

அறுபத்துமூன்று.

ரவிதேஜா கையெழுத்துப் போட்டான். "சூப்பர் மேடம்!" என்று கை கொடுத்துவிட்டு, மனைவிக்குப் போன் போட்டு ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் பேசினான். சுரேந்தர் அவன் அப்பாவுக்குப் போன் போட்டான். "பாஸுங்ப்பா" என்றதோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். ராமாமணியும் போனைக் கையில் எடுத்தாள். மணி பார்த்தாள். திரும்ப வைத்துவிட்டாள்.

பிறகு நாச்சியம்மாளின் வாசலுக்குப் போனாள்.

"முடிஞ்சுதுங்கக்கா."

"நல்லபடியாத்தானே?"

"நல்லபடியாத்தானுங்க."

"என்ன மோட்டரோ என்னமோ." நாச்சியம்மாள் ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்தாள். இருமியது. மறுபடி இழுத்தாள். மறுபடி இருமியது. ராமாமணி குனிந்து, சோக்கைத் தள்ளி, ஒரே இழுப்பில் கிளப்பினாள். தெருவையே அதிர வைக்கிற அந்தச் சத்தம் அவள் கைக்குள்ளிருந்தே புறப்பட்டது.

"பொழுதோட வா! மாவு தாரேன்!" என்று நாச்சியம்மாள் கத்தினாள். "ஒத்தை ஆளுக்கு என்னத்த ஆக்கித் திங்கறியோ!"

"வேண்டாங்க," என்றது ராமாமணியின் வாய், பழக்கத்தில்.

வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. எழுந்து அலமாரியின் அடித்தட்டிலிருந்து தூக்குப்போசியை எடுத்துக் கழுவினாள். முந்தானையால் துடைத்தாள். வாசல்வரை போனாள். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. இந்தச் சத்தத்தில் போய்க் கேட்டால் கத்தித்தான் கேட்க வேண்டும். வேண்டாம் என்றதை வேண்டும் என்று தெருவே கேட்கக் கத்த வேண்டும்.

கிரைண்டரின் இரைச்சலைக் காது கொடுத்துக் கேட்டாள். கல்லில் அரிசி இன்னும் கரகரவென்றுதான் இருந்தது. மை போல அரைபட அரை மணி நேரமாவது ஆகும்.

போசியை மடியில் வைத்துக்கொண்டு, கதவைச் சாத்தாமல், நிலைப்படியில் உட்கார்ந்தாள்.