பால் காய்ச்சினால் பாலிசி முடியுமா?

விரிஞ்சிபுரத்தில் தளம் போட்டுக்கொண்டிருந்தபோது அன்வர் பாயின் மகள் போன் செய்தாள். "அத்தா போய்ட்டாரு மாமா" என்றாள். மேஸ்திரியிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு ஓடினேன். மாரடைப்பாம். வருடக்கணக்கில் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் கோர்ட்டுக்கும் அலைந்த மனிதருக்கு வேறென்ன வரும்?

நம் கட்டட ஒப்பந்தக்காரர்களில் பலர் பேங்க் கேட்பதால்தான் பாலிசி எடுக்கிறோம். கட்டி முடித்து ஒப்படைக்கும்வரை வேலைக்கு வரும் சேதத்தை அது ஏற்கும். நில அதிர்வுக்கென்றால் தனியாகக் கூடுதல் பிரீமியம். அதையும் கட்டியவர் பாய் ஒருவர்தான். சங்கக் கூட்டத்தில் ஒருவர் கிண்டலடித்தார்: "பாலாத்துல தண்ணியே வரல, பூகம்பம் வரப்போவுதா பாய்?"

"ஆம்பூர்ல போன தபா ஷெல்ஃபுல இருந்த பாத்திரம் உருண்டுச்சே, உன்னைக் கேட்டுக்கினா உருண்டுச்சு?" என்றார் பாய்.

சத்துவாச்சாரியில் ஒரு டீச்சருக்கு வீடு கட்டினார். பூச்சு வேலை பாதியில் நின்றது, கரண்ட் வரவில்லை. ஆடி பிறக்கப்போகிறதென்று ஆனியின் கடைசி முகூர்த்தத்தில் பால் காய்ச்சிவிட்டார்கள். நம் ஊரில் யார்தான் செய்யவில்லை? பாலைக் காய்ச்சிவிட்டு வாடகை வீட்டுக்கே திரும்பி, மிச்ச வேலையை மெதுவாக முடிப்பவர்கள்தானே எல்லோரும்? டீச்சர் வழக்கப்படி பாய்க்கு வேட்டியும் துண்டும் கொடுத்தார். போட்டோ எடுத்தார்கள்.

ஆடியில் ஒரு மத்தியானம் நிலம் அதிர்ந்தது. மாடிச் சுவர் ஒன்று பிளந்து, கைப்பிடிச் சுவர் சரிந்தது. யாருக்கும் அடியில்லை. கம்பெனி ஆட்கள் வந்து பார்த்தார்கள். அந்தப் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு, குடிபுகுந்தாயிற்று, ஒப்படைத்தாயிற்று, பாலிசி அன்றோடு முடிந்தது என்றார்கள். மரியாதைக்குப் போர்த்திய துண்டு அவர்களுக்கு அத்தாட்சி! பிரீமியம் வாங்கும்போது ஆனியா ஆடியா என்று ஒருவனாவது கேட்டானா?

ஏஜெண்ட் ஒரு வழி சொன்னான். நானும் அங்கே இருந்தேன். "பால் காய்ச்சலன்னு டீச்சர் ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும் பாய். போட்டோ வேற வூட்டுதுன்னுடலாம்." டீச்சர்கூடச் சம்மதித்துவிட்டார். பாய்தான் எழுந்து நின்றார்.

"அந்தம்மா சாமி கும்புட்டுக் காய்ச்சுன பாலு. நான் வாங்கிக் குடிச்சேன். இல்லன்னு எப்படிச் சொல்றது? பாலு காய்ச்சுனா வூடு முடிஞ்சிடுமான்னு அவங்க சொல்லட்டும், கேக்குறேன்."

சுவரைத் தன் செலவிலேயே எழுப்பிக் கொடுத்துவிட்டு வழக்குப் போட்டார். வாய்தா மேல் வாய்தா. கம்பெனி வக்கீல் ஒருமுறை வருவார், ஒருமுறை வரமாட்டார். "தப்பு பண்ணவன் தூங்குறான், நான் பேஜார் ஆவுறேன்" என்று சிரிப்பார் பாய். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

நண்பர்களே, அவருக்குப் பிழைக்கத் தெரியவில்லை என்று பேசியது நம் சங்கம்தான். அதே மாதிரி ஒரு வரியைத் தங்கள் வீட்டுக்காரர்களிடம் எழுதி வாங்கிப் பணம் பார்த்தவர்கள் இந்த இரங்கல் கூட்டத்திலும் இருக்கிறார்கள். இன்று அவரை நேர்மையாளர் என்று புகழ்கிறீர்கள். கேட்கக் கூசுகிறது.

வழக்கை மகள் நடத்துகிறாள். ஜெயிப்பதற்காகக்கூடப் பொய் சொல்லாத அவருடைய கோபத்தை நான் எடுத்துக்கொண்டேன். அடுத்த வாய்தாவில் சாட்சி சொல்லப்போகிறேன். ஆமாம், பால் காய்ச்சினார்கள் என்பேன். நானும் ஒரு டம்ளர் குடித்தேன். வாசலுக்கு அன்று கதவில்லை, டீச்சரின் பழைய புடவைதான் தொங்கியது. கதவில்லாத வீட்டில் யார் குடியிருந்தார்கள் என்று கம்பெனி எழுந்து சொல்லட்டும்.