அண்ணாவின் சுவரில் என் அட்டை

சிற்றலை வானொலிகள் நிகழ்ச்சி தொடங்குமுன் ஒரு சின்ன இசைத் துண்டைத் திரும்பத் திரும்பப் போடும். அறிவிப்பாளர் வரும்வரை அதே துண்டுதான். மற்றவர்களுக்கு அது எரிச்சல். எனக்கும் அண்ணாவுக்கும் அதுதான் நிகழ்ச்சி. எந்த நாடு என்று முதலில் சொல்பவருக்கு வெற்றி. அறிவிப்பாளர் வாயைத் திறந்ததும் அடுத்த நிலையத்துக்குப் போய்விடுவோம். இவ்வளவு வானொலி கேட்டும் எங்களுக்கு உலக விஷயம் ஒன்றும் தெரியாமல் போனது இப்படித்தான்.

அப்போது கொட்டாஞ்சேனையில் இருந்தோம். ஒருநாள் அண்ணா ரியூசனுக்குப் போன நேரம், இரைச்சலுக்குள் அடுத்தடுத்து ஏழு மணியோசை கேட்டது. தூரத்து மலைநாடு ஒன்றின் வானொலி. அண்ணா இரண்டு வருடமாகத் தேடியும் அகப்படாதது. நேரத்தையும் அலைவரிசையையும் கொப்பியில் குறித்து வைத்தேன்.

கேட்ட விபரத்தை எழுதி அனுப்பினால், இன்னார் கேட்டது உண்மை என்று நிலையம் படம் போட்ட அட்டை அனுப்பும். எனக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத வராது. அண்ணா பெரிய மனது பண்ணி எழுதித் தந்தார். முத்து முத்தான எழுத்து. கீழே தன் பெயரைப் போட்டிருந்தார் என்பது மூன்று மாதம் கழித்து அட்டை வந்தபோதுதான் தெரிந்தது.

"கடிதம் எழுதினது நான்தானே," என்றார்.

அட்டைக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். நான் கல்யாணமாகி வெள்ளவத்தைக்கு வந்துவிட்டேன். தன் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அண்ணா, தானே அந்த நிலையத்தைப் பிடித்த வீரக்கதையைச் சொல்வார். முதலில் கதையில் மழை மட்டும் இருந்தது. பிறகு இடி சேர்ந்தது. கரண்டும் போனது. கரண்ட் இல்லாமல் வானொலி எப்படிப் பாடியது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஐந்து வருடத்துக்கு முன் ஒரு விருந்தில், அது நான் கேட்டது என்று சொல்லிவிட்டேன்.

"தங்கச்சிக்கு எப்பவும் பகிடிதான்," என்று அண்ணா சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

அதோடு பேச்சு நின்றது. அறுபதைத் தொடுகிற இரண்டு பேர் ஓர் அட்டைக்காக. உங்களுக்குச் சிரிப்பு வரலாம். என் வாழ்க்கையில் நானாகத் தேடிக் கண்டுபிடித்த ஒரே விஷயம் அது, அதுவும் இன்னொருவர் பெயரில் தொங்கியது. எனக்கு வலித்தது.

போன மாதம் தொலைபேசி அடித்தது. நலமா என்று கேட்கும் பழக்கம் அண்ணாவுக்கு அப்போதும் இல்லை.

"அந்த ஸ்டேசனை நாளையோட மூடுறாங்களாம். இஞ்ச எல்லா வீட்டிலயும் எல்ஈடி பல்ப், அதால ரேடியோவில ஒரே இரைச்சல், ஒண்டும் கேக்கேலாது. உன்ர மொட்டை மாடி கடல் பக்கம்தானே?"

"வாங்கோ அண்ணா," என்றேன். என் வாய் என்னைக் கேட்டா பேசுகிறது?

மறுநாள் பின்னேரம் ஷொப்பிங் பையில் வானொலியோடு வந்தார். யாருடையவோ ஈர உடுப்புகளுக்கு நடுவில் கொடிக்கயிற்றில் ஏரியல் வயரைக் கட்டினோம். சரியாக நேரம் பார்த்துக் கடற்கரை ரயில் போனது. அது போன பிறகு, "வந்திட்டுது," என்றேன்.

"இல்லை, அது இரைச்சல்."

நாலாவது மணியோசையில் அவருக்கும் கேட்டது. முதன்முறையாக அறிவிப்பாளரையும் கேட்டோம். அவர் நன்றி சொன்னார். மறுபடி அந்த ஏழு மணியோசை. பிறகு வெறும் இரைச்சல்.

அண்ணா தாள் எடுத்து, கேட்ட விபரத்தை நிலையத்துக்கு அறிக்கையாக எழுதினார். கீழே, மெதுவாக, என் பெயரை எழுதினார். அட்டை அனுப்ப அங்கே ஆளில்லாமல் போன நாள் பார்த்து மனிதருக்கு நேர்மை வந்திருந்தது. ஆனாலும் எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை.

அதை நான் தபாலில் சேர்க்கவில்லை. சட்டம் போட்டு வாசலுக்கு நேரே மாட்டினேன். போன ஞாயிறு அண்ணா வந்து, கண்ணாடி போட்டு வாசித்தார்.

"எழுத்து நல்லாயிருக்கு, என்ன?"

"ஓம். கேட்டது ஆர்?"

"நீதான்."

"முதல்முதல் கேட்ட அண்டைக்கு?"

தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். "அண்டைக்கும் நீதான்," என்றார். "அந்த அட்டையைக் கழட்டட்டோ?"

"வேண்டாம் அண்ணா. மழையும் இடியும்கூட இருக்கட்டும். கதையில ஆளை மட்டும் மாத்துங்கோ."