பேரிக்காய் மரத்தில் கொழுந்து பறித்த கதை

இலங்கை மலைநாட்டில் பழமரம் பார்க்கும் உத்தியோகத்தில் இருந்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் பேரிக்காயைக் கடித்துவிட்டு "புளிக்குதே" என்று முகம் சுளிக்கிற ரகம். எழுபதுகளின் நடுவில், உடப்புசல்லாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், நாற்பது பேரிக்காய் மரங்களுக்கு நான்தான் மேற்பார்வை பார்க்கும் கணக்கப்பிள்ளை. தோட்டம் அரசாங்கத்தின் கைக்கு வந்ததும் கீழ்நாட்டிலிருந்து தோட்டத்தை நிர்வகிக்க ஒரு புதுத் துரை வந்தார். அவர் சிங்களத்தில் சொன்னதையெல்லாம் இங்கே தமிழில் சொல்கிறேன். முட்டாள்தனம் மொழி மாறினாலும் குறையாது.

மழைக்கு விளக்கம்

முதல் வருடம் பூத்த வாரம் பார்த்து விடாத மழை. தேனீ ஒன்றுகூட வெளியே வரவில்லை; பூவெல்லாம் சேற்றில் கிடந்தது. காய் ஏன் பிடிக்கவில்லை என்று துரை எழுத்தில் விளக்கம் கேட்டார். "மழை" என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த பருவமும் காய்க்காவிட்டால் மரங்கள் ஃபாக்டரி அடுப்புக்கு, நான் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு தேயிலை மலைக்கு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, கடைசியாக ஒரு கேள்வியும் கேட்டார்:

"மழை பெய்யும்போது நீ எங்கே இருந்தாய்?"

கம்பளி யாருக்கு?

துரைக்கு மாம்பழம் என்றால் உயிர். லொறியில் இருபது மாங்கன்றுகளைக் கொண்டுவந்து ஆற்றோரப் பள்ளத்தில் நடச் சொன்னார். பள்ளத்தில்தான் பனி தேங்கும், சரிவில் நடலாம் என்றேன். பள்ளம்தான் பங்களாவிலிருந்து பார்க்க அழகாம்.

தை மாதம் உறைபனி விழத் தொடங்கியது. கன்றுகளுக்குப் போர்த்த, லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர்களின் கம்பளிகளை வாங்கிவர என்னை அனுப்பினார். நானும் போனேன்; இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. கொழுந்து பறிக்கும் மாரியாயி அக்கா என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள் கன்றுகள் கருகிப்போயின. அன்று வாசலில் அக்கா கேட்டது இதுதான்:

"காலையில பெரட்டுல ஆள் எண்ணுறப்ப நாங்கதானுங்க வரணும்? மாங்கன்னு வந்து நிக்குமா?"

இருபது வருடத்துப் பழக்கம்

பேரிக்காய் மரம் குளிரில் இலை கொட்டி உறங்கி எழுந்தால்தான் ஒழுங்காகப் பூக்கும். நம் மலைக் குளிர் நம்முடைய மூட்டுக்குப் போதும், மரத்துக்குப் போதாது. அதனால் முத்தின இலைகளைக் கையால் உருவி மரத்தை ஏமாற்றுவோம். நுனி மொட்டில் மட்டும் கை படக்கூடாது. பூ அதற்குள்தான் இருக்கிறது. இதற்கென்று பழகிய ஆறு பேர் இருந்தார்கள்.

துரை அந்த ஆறு பேரையும் பங்களாவில் புல் வெட்ட அனுப்பினார், என்னை உரம் எடுக்க நுவரெலியாவுக்கு அனுப்பினார், கொழுந்து பறிக்கும் பெண்களை மரத்தடிக்கு அனுப்பினார். இலை பறிக்கிறவர்களுக்கு இலை பறிக்கச் சொல்லித்தர வேண்டுமா என்பது அவருடைய ஞானம். சாயங்காலம் வந்து பார்த்தால், கை எட்டிய கிளைகளிலெல்லாம் முத்தல் இலை அப்படியே இருந்தது, நுனி மொட்டு ஒன்றுகூட இல்லை. மாரியாயி அக்கா கூடையைப் பெருமையோடு காட்டினார்:

"கூடையில முத்தல் கெடந்தா இருபது வருசமா ஏச்சு வாங்குனவங்க நாங்க. எல்லாம் கொழுந்தாப் பாத்துத்தாங்க பறிச்சிருக்கோம்!"

உச்சிக் கிளை

பெண்களை நான் ஒரு சொல் ஏசவில்லை. ஏச வேண்டியவரை ஏச எனக்குத் தைரியம் இல்லை.

மரத்தில் பூவே இல்லை என்று துரை முடிவு கட்டியதும், மாசியில் மரங்களை வெட்ட ஆட்கள் வந்தார்கள். கை எட்டாத உச்சிக் கிளைகளில் காற்றே இலையை உதிர்த்துவிட்டிருந்தது. அங்கே மட்டும் வெள்ளை வெளேரென்று பூ. துரையைக் கையோடு கூட்டிவந்து காட்டினேன். "ஒரு மாதம் பொறுங்கள் ஐயா, காய் பிடிக்கும்" என்று கெஞ்சினேன். அவர் அன்றைக்குத்தான் முதல்முறையாக அண்ணாந்து ஒரு மரத்தைப் பார்த்தார்.

"அழகாகத்தான் இருக்கிறது. வெட்டியதும் ஒரு கொத்து பங்களாவுக்கு அனுப்பு."

அதற்குப் பிறகு எட்டு வருடம் கவ்வாத்து மலையில் நனைந்தும் விறைத்தும் நின்றேன், ஆனால் ஒருநாளும் மழையையோ பனியையோ திட்டியதில்லை; அவை இரண்டும் வேலை தெரிந்தவை.