டேங்க் மூடி

பெயர் கேட்கவில்லை. நெட்டுக்குப்பத்து மீனவர். காதில் பாதி பீடி. பேசும் முன் அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

என் பழைய கார் கொஞ்ச தூரம் ஓடியதும் இழுவையில்லாமல் திணறி நிற்கும். இருபது வருட மெக்கானிக் நான். பிளக், கார்புரேட்டர், பம்ப் எல்லாம் மாற்றியும் பலனில்லை. அன்று எண்ணூர் சாலையில் நின்றபோதுதான் அவர் வந்தார். பீடியைத் தொட்டார்.

“டேங்க் மூடிய தொற, நைனா.”

திறந்தேன். உஸ்ஸென்று காற்றை இழுத்தது. அனல்மின் நிலையச் சாம்பல் தூசு இறங்காதிருக்க மூடிக்கடியில் நான் வைத்திருந்த பிளாஸ்டிக் தாளை உருவினார்.

“காத்து உள்ள போவலன்னா பெட்ரோலு எப்டி வெளிய வரும்? எங்க மீன்புடி போட்டு டேங்க் மூடில கூட ஓட்ட கீது.”

மூடியைத் திருகிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

அதன்பின் கார் பறக்கிறது. அவர் சொன்னது தப்பென்று காட்டவாவது ஒருமுறை நின்று தொலைக்காதா என்று எனக்கு வயிறு எரிகிறது.