ஜான்ரோஸ் வீட்டு ரேடியேட்டர்

மூணாறு தேயிலை எஸ்டேட்டில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற ஜான்ரோஸ், 1951இல் நாகர்கோவிலுக்குத் திரும்பியபோது கட்டில், பீரோவோடு ஒரு ரேடியேட்டரும் லாரியிலிருந்து இறங்கியது. சீமைக்குப் புறப்பட்ட துரை விட்டுப்போனது. இரும்புக் குழாய்களை நெருக்கி நிறுத்திய சாதனம். அடுப்படியில் காயும் வெந்நீர் அதற்குள் ஓடினால் அறை சூடாகும்.

“பஸ்சுக்கு முன்னால இருக்குமே, அதா அத்தான்?” என்று கேட்டான் மைத்துனன் யோவான். மின்சாரச் சாமான் கடையில் வேலை பார்ப்பவன்.

“இது வீட்டுக்குள்ளது. சீமையில இது இல்லாத வீடே கெடயாது.”

“சீமையில பனி பெய்யும். இஞ்ச வேர்வைல்லா பெய்யுது!”

ஜான்ரோஸ் கம்பளிக் கோட்டின் மேல் பொத்தானையும் போட்டுக்கொண்டார். அதைக் கழற்றினால் ஊரில் மற்றவர்களைப் போல ஆகிவிடுவோமோ என்று அவருக்கு உள்ளூரப் பயம்.

அவர் மனைவி நேசபாய்க்கு, அடுப்படியிலிருந்து குழாய் இழுத்து மாட்டியபின் முன்னறையில் இரும்பு விலா எலும்பு துருத்திக்கொண்டு நிற்பது பிடிக்கவில்லை. திராட்சைக் கொத்து செதுக்கிய தேக்குப் பெட்டி ஒன்று செய்வித்து அதை மூடினாள். மேலே பின்னல் துணி விரித்து, கல்யாணப் படத்தை வைத்தாள். சூடு முழுக்கப் பெட்டிக்குள் அடங்கிப் போயிற்று. வீட்டில் எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள்.

அதைக் கெடுத்தவர் சபைப் போதகர் ஜெபசீலன் ஐயர். கிறிஸ்துமஸ் சமயத்தில் நாலுபேரோடு வந்தவர் பெட்டிமுன் நின்று கையை நீட்டிப் பார்த்தார்.

“சூட்டக் காணலியே! உள்ள கோழிய அடவச்சிருக்கியளா?”

எல்லாரும் சிரித்தார்கள். ஜான்ரோஸுக்கு அன்று கேக் இறங்கவில்லை. மறுநாளே யோவானை வரவழைத்தார்.

“சூடெல்லாம் பெட்டிக்குள்ளயே சுத்திக்கிட்டுக் கெடக்கு அத்தான். அடியில ஒரு வாசலும் மேல ஒரு வாசலும் வெட்டணும். அடிவாசல்ல காத்தாடிய வச்சா, காத்து குழாயில பட்டுச் சூடாயி மேல்வாசல் வழியா வந்துரும்.”

“திராட்சையில உளி பட்டுதுன்னா பாத்துக்க!” என்றாள் அக்காள் நேசபாய். திராட்சையைத் தொடாமல் வெட்டினான். மேசைக் காத்தாடியை வைத்துச் சுவிட்சைப் போட்டதும் அறை வடசேரிச் சந்தையின் உச்சிவெயிலாகிவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம் அங்கே நடந்தது. ஜெபசீலன் ஐயர் ஆதாமில் தொடங்கினால் ஊரிலுள்ள சீக்காளிகள் பெயர்வரை வந்துதான் முடிப்பார். அதற்குள் பெண்களுக்குக் கால் மரத்துவிடும். அன்றோ, நோவா பேழையில் ஏறுவதற்குள் ஆமென் சொல்லிவிட்டு முற்றத்துக்கு ஓடினார்.

அடுத்த வாரம் பெண்கள் சங்கத் தலைவி செல்லபாய் தேடி வந்தாள்.

“அண்ணாச்சி, இனி எல்லா வெள்ளிக்கெழமையும் ஜெபம் இஞ்சதான். ஒங்க வீட்டுல ஒரு தனி ஆவி எறங்குது, கேட்டியளா!”

ஜான்ரோஸின் கண் கலங்கிவிட்டது. வந்தவர்களெல்லாம் முந்தானையாலும் துண்டாலும் கழுத்தைத் துடைத்தபடி, “குளிருக்கு என்ன இதம்!” என்றார்கள். அந்த வருஷம் அவரைச் சபைக் கமிட்டிக்கும் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். கோட்டுக்குள் முதுகு முழுக்க வேர்க்குரு. அதில் சந்தனம் பூசிவிட்டபடியே நேசபாய் கேட்டாள்:

“இந்தக் கோட்டக் கழத்துனா என்னவாம்?”

“தொரமாரு கழத்துவாவளா?”

“தொரமாருக்கு வேர்க்குரு வருமா?”

இரண்டு வருஷத்தில் ஜெபசீலன் ஐயருக்கு மாற்றல் வந்தது. புதிதாக வந்த குமாரதாஸ் ஐயருக்கு முட்டில் வாதம். முதல் வெள்ளிக்கிழமை நொண்டிக்கொண்டே வந்தவர், நாற்காலியைப் பெட்டிப்பக்கம் இழுத்துப்போட்டுக் காலை நீட்டினார்.

“ஆகா! வைத்தியனால முடியாத காரியம் இது!” என்று கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கினார். இஸ்ரவேலர் எகிப்தை விட்டுப் புறப்படும்போது செல்லபாயும் புறப்பட்டுவிட்டாள். அவர்கள் வனாந்தரத்தில் அலைந்துகொண்டிருக்கையில் பாயில் யாருமே மிஞ்சவில்லை.

“எல்லா வீட்டுலயும் கர்த்தரு உண்டும் அண்ணாச்சி” என்று அடுத்த வாரம் செல்லபாய் கூட்டத்தை வேறு வீட்டுக்கு மாற்றினாள். ஐயரின் முட்டு மட்டும் மாறவில்லை. தினமும் சாயங்காலம் வந்து உட்கார்ந்தார். அவர் தலை தெரிந்ததும் நேசபாய் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாள். எதிரே உட்கார்ந்து கேட்க ஜான்ரோஸ் ஒருவர்தான்.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, யோவானிடம் காத்தாடியைக் கொடுத்தனுப்பினார்.

“ரிப்பேரு ஐயரே. எப்ப வரும்னு சொல்லத் தெரியாது” என்றார் அன்று சாயங்காலம், முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு.

ஐயர் அடிவாசலை எட்டிப் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த பனையோலை விசிறியையும் பார்த்தார்.

“அதுக்கென்ன? விசிறி இருக்கே! கமிட்டிக்காரரு நீரு இருக்கீரே!”

கம்பளிக் கோட்டோடு ஜான்ரோஸ் பெட்டியடியில் குந்தி விசிறத் தொடங்கினார்.

“கொஞ்சம் வேகமா” என்று சொல்லிவிட்டு ஐயர் பைபிளில் லேவியராகமத்தைத் திறந்தார்.